ஊக்குவித்தல் என்னும் கடன்: தோட்டப்புறப் பெண்பிள்ளைகளும் விஞ்ஞானக் கல்வியும்

"கிராமப்புற மாணவியரை விஞ்ஞான, தொழில்நுட்பக் கல்வியின்பால் ஊக்குவித்தல் வேண்டும்" என்று கூறாத பேச்சாளரைப் பரிசளிப்பு விழா மேடைகளிற் காண்பது அரிது. இக்கூற்றை மறுப்பாரும் இலர். எவரும் மறுக்காத கூற்றுக்களையே நாம் மிகுந்த கவனத்துடன் ஆராய வேண்டியுள்ளது. மறுப்பில்லாத இடத்திற் சிந்தனை எளிதில் உறங்கிவிடும். ஊக்குவிப்பவர் யார்? ஊக்குவிக்கப்படுபவள் யார்? ஊக்குவித்தபின், ஊக்குவித்தவருக்கு எஞ்சியிருக்கும் கடன் யாது? இவ்வினாக்களை ருவான்வெல்லையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களின் பின்னணியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். வள்ளுவர் பொருட்பாலில் 60ஆம் அதிகாரத்துக்கு இட்ட பெயர் 'ஊக்கமுடைமை' என்பதாகும். ஊக்கம் அங்கே ஒருவன் தன்னகத்தே கொண்டிருக்கும் உடைமை. பிறர் ஊட்டும் பொருளன்று. அவ்வதிகாரம் அமைந்திருப்பதோ அரசியலைக் கூறும் இயலில். ஆளுந் தகுதியும் வாய்ப்பும் உடையவனை நோக்கியே அவ்வுரை எழுகின்றது. நம் காலமோ 'ஊக்கு' என்பதைப் பிறவினையாக்கி 'ஊக்குவித்தல்' என வழங்குகின்றது. ஒருவரிடம் இல்லாத ஒன்றை இன்னொருவர் உண்டாக்குவதான பொருள் அதனுட் புகுந்துவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளையிடம் ஊக்கம் இல்லை, அதை நாம் சென்று கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இச்சொல்லோடு ஒட்டியே வருகிறது. இவ்வெண்ணம் உண்மையா என்பதே நமது முதல் ஐயம்.

அதிகாலையும் கணித பாடமும்

கேகாலை மாவட்டம் இலங்கையின் முதன்மையான இறப்பர்ப் பிரதேசங்களுள் ஒன்று. ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிற் பால்வெட்டு அதிகாலையிலேயே தொடங்குகிறது. அதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த விடியற்பொழுதில் மரத்தின் கலங்களில் நீரழுத்தம் உயர்ந்திருக்கும். வெட்டுவாயிலிருந்து பால் நன்கு வடியும். வெயிலேற இலைகள் நீரை ஆவியாக வெளிவிட, அவ்வழுத்தம் தாழ்ந்து வடிதல் குறையும். ஆகவே தாய் விடியுமுன் லயத்தை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அவள் புறப்பட்டபின் தம்பி தங்கையரை எழுப்பி, முகங் கழுவித் தேநீர் கொடுத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைத்துப் பாடசாலைக்கு ஓடிவரும் பொறுப்பு பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையையே சாருகிறது. மூத்தவன் ஆணாயின் அப்பொறுப்பு அவனுக்கு அடுத்த தங்கையிடம் இறங்கிவிடும். பிந்தி வருபவள் இழப்பது முதலாம் பாடவேளையை. அது கணிதமாக இருக்கும் நாட்களில், பின்னர் எதனாலும் எளிதில் ஈடுசெய்ய முடியாத ஒரு படியை அவள் இழக்கிறாள். வரலாற்றுப் பாடத்தில் ஓர் அத்தியாயம் தவறினால் அடுத்த அத்தியாயத்தைப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் ஒரு படி தவறினால் மேற்படிகள் அந்தரத்தில் நிற்கும்.

மரத்தின் நீரழுத்தம் ஒரு சிறுமியின் கணித அறிவைத் தீர்மானிக்கிறது என்று கூறின் அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இடையிலுள்ள கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பின் அதில் மிகை எதுவுமில்லை. 'பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் வராது' என்ற தீர்ப்பு இக்கண்ணிகளை மறைத்தே வழங்கப்படுகிறது. ஜோன் ஸ்டுவர்ட் மில் 1869 இல் பெண்ணடிமை குறித்து எழுதிய நூலில், பெண்களின் இயல்பு என இன்று கூறப்படுவது செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒன்றென்றும், நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட நிலையிற் பார்த்து இயற்கையைப் பற்றி முடிவு கூற முடியாதென்றும் வாதிட்டார். அவர் வாதம் ருவான்வெல்லைக்கும் பொருந்தும். லயத்து அடுப்படியின் வேலையை ஒரு சிறுமியின் மூளையின் இயல்பென்று நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

தாயின் கைக்குள் இருக்கும் விஞ்ஞானம்

விஞ்ஞானம் தோட்டத்துக்கு அந்நியமானது என்பது மற்றொரு தவறான எண்ணம். வரலாற்றைப் பார்ப்பின், இறப்பர்த் தோட்டமே விஞ்ஞானத்தின் குழந்தை எனலாம். 1876 இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த நாற்றுக்கள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. பின்னர் இப்பயிருக்கெனத் தனி ஆராய்ச்சி நிறுவனமே அகலவத்தையில் எழுந்தது.

பால்வெட்டும் பெண்ணின் கைகளைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அவள் வெட்டு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரிந்து செல்கிறது. பட்டையிலுள்ள பாற்குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஓடுவதால் இச்சரிவே கூடுதலான குழாய்களைத் திறக்கும். ஒவ்வொரு வெட்டிலும் அவள் சீவுவது ஒன்றிரண்டு மில்லிமீற்றர்த் தடிப்பு மட்டுமே. கத்தி ஆழ்ந்து மாறிழையத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். அடுத்த சுற்று வெட்டுக்கு அது உதவாது. தொழிற்சாலையிற் பாலுடன் போமிக் அமிலஞ் சேர்த்தவுடன் அது திரள்கிறது. பாலில் மிதக்கும் இறப்பர்த் துணிக்கைகள் எதிர்மின்னேற்றங் கொண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தவை; அமிலம் அவ்வேற்றத்தை நடுநிலையாக்க, அவை ஒன்றுசேர்கின்றன. சிரட்டையில் எஞ்சி உறைந்த ஒட்டுப்பாலைக் கையால் உரித்தெடுக்கும் தாய் இவற்றுள் எத்தனையோ உண்மைகளை விரல் நுனியில் அறிவாள். அவளுக்கு அவற்றின் 'எவ்வாறு' தெரியும். 'ஏன்' என்பது அவளுக்குச் சொல்லப்படவில்லை.

இங்கேதான் அறவியற் பிரச்சினை தோன்றுகிறது. தோட்ட முறைமை உழைப்பை மட்டும் பங்கிடவில்லை, அறிவையும் பங்கிட்டது. 'ஏன்' என்ற வினா துரையின் பங்களாவுக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் உரியதாயிற்று. 'செய்' என்ற ஏவல் பிரட்டுக்களத்துக்கு உரியதாயிற்று. கையும் தலையும் வேறு வேறு மனிதரிடம் வைக்கப்பட்டன. கைகளுள்ளும் பெண்ணின் கை மலிவானதாகவே கணிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984 இல்தான். ஆகவே ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் தாவரவியலோ இரசாயனவியலோ கற்க முனைவதைத் தாயின் உலகத்தை விட்டோடும் முயற்சியாக நான் கருதவில்லை. தாயிடமிருந்து பறிக்கப்பட்ட வினாவை மகள் மீட்டெடுக்கும் முயற்சி அது.

வாயிலும் வழியும்

இனி வழியை நோக்குவோம். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களிற் பாடசாலை வைக்குங் கடப்பாட்டை நிர்வாகங்கள்மீது சுமத்தியது. நிர்வாகத்தின் பொறுப்பில் அவை ஓரறையும் ஓராசிரியருமாக நெடுங்காலம் இயங்கின. 1945 இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. குரலற்ற மக்களின் பாடசாலையைக் கேட்பார் எவர்? 1970களிலும் அதன் பின்னருமே அரசு இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அக்காலத்திலேயே, 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தன. நுவரெலியாவிற் போல் இங்கே தமிழர் செறிந்து வாழவில்லை, சிதறி வாழ்கின்றனர். மக்கள் சிதறும்போது பாடசாலையும் சிறுத்துவிடுகிறது.

நம் நாட்டில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் 1ஏபி வகையின. கலை, வணிகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சீ வகையின. ஏனையவை பதினோராம் ஆண்டுடனோ அதற்கு முன்னரோ நின்றுவிடுவன. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை எவ்வகையின என்பதைக் கூறத் தேவையில்லை. நடந்து செல்லுந் தூரத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள சிங்கள மொழிமூலப் பாடசாலை இருந்தாலும், பதினோராண்டு தமிழிற் கற்றவளுக்கு அதன் வாயில் திறந்திருந்தும் மூடியதே. தமிழ்மொழிமூல விஞ்ஞான வகுப்பு வேண்டுமாயின் வெளியூர் விடுதி வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும். பணம் இருப்பினும், பருவமடைந்த பெண்ணைத் தனியே அனுப்பும் துணிவு வீட்டாருக்கு வேண்டும். ஆண்பிள்ளைக்கு ஒரு தடையாக இருப்பது பெண்பிள்ளைக்கு மூன்று தடைகளாகிறது.

பல்கலைக்கழக அனுமதி விதிகளையும் இங்கு எண்ணிப்பார்க்கலாம். விஞ்ஞானத் துறைகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இரத்தினபுரி அப்பட்டியலில் உண்டு, கேகாலை இல்லை. ஒரே மாகாணம், ஒரே மழை, ஒரே இறப்பர் மரம். மாவட்ட எல்லைக்கு இப்பாலுள்ள லயத்துப் பிள்ளை முன்னேறிய மாவட்டத்தவளாகவும் அப்பாலுள்ளவள் பின்தங்கியவளாகவும் கணிக்கப்படுகின்றனர். இவ்விதியை வகுத்தோரின் நோக்கம் நீதியே என்பதில் ஐயமில்லை. எனினும் சராசரி என்னும் அளவுகோலால் நீதியை அளக்கும்போது, அச்சராசரிக்குள் அமிழ்ந்து கிடப்போர் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றனர். கேகாலை நகரப் பாடசாலையும் மலைச்சரிவின் தோட்டப் பாடசாலையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

பொய்யான ஊக்கமும் மெய்யான ஊக்கமும்

இந்நிலையில் ஒரு தோட்டத்துச் சிறுமியை நோக்கி 'நீ விஞ்ஞானம் படி' என்று கூறுவது நேர்மையா? 'செய்ய வேண்டும்' என்பது 'செய்ய இயலும்' என்பதை உள்ளடக்கியே நிற்கும் என்பது கான்ட் வழிவந்த அறவியலின் அடிப்படைகளுள் ஒன்று. இயலாததைக் கடமையென விதிப்பவர் பிறருக்குக் குற்றவுணர்ச்சியையே பரிசளிக்கிறார். பாதையை அமைக்காது 'நட' என்றால், நடவாதவள் தன் கால்களையே நொந்துகொள்வாள். ஊக்குவிப்புச் சொற்பொழிவுகளிற் பல இத்தகையன. கட்டமைப்பின் குறையைத் தனிமனிதரின் மனக்குறையாக மாற்றிவிடும் தந்திரம் அவற்றுள் உறைந்திருக்கிறது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுவது அவசியமாகிறது. சென்ற விடுமுறையில் ருவான்வெல்லையை அடுத்த தோட்டமொன்றிற் பத்தாம் ஆண்டு மாணவியர் சிலருடன் உரையாடினேன். மேற்கூறிய அறிவுரைகளையே நானும் கூறினேன். பின்வரிசையிலிருந்த ஒருத்தி எழுந்து, "அக்கா, அப்ப நீங்க ஏன் சயன்ஸ் படிக்கல?" என்று கேட்டாள். அவள் குரலிற் கேலி இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. 'கலைப்பாடங்களில் எனக்கு விருப்பம்' என்று பல ஆண்டுகளாக நான் கூறிவந்த விடை நாவரை வந்து நின்றுவிட்டது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நான் பெற்ற சித்திகள் குறைந்தவையல்ல. நான் கற்ற பாடசாலையின் உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை என்பதே உண்மை. இருந்த ஒன்றை ஏற்றேன். ஏற்றதைப் பின்னர் விருப்பம் என்று அழைத்தேன்.

எட்டாத பழத்தைப் புளிக்குமென்ற நரியின் கதையை நாம் சிறுவயதிலேயே அறிவோம். நரி பொய் சொல்லவில்லை, தன்னையே அவ்வாறு நம்பவைத்துக்கொண்டது என்பதை வளர்ந்தபின்னரே உணர்கிறோம். நீண்டகால இழப்புக்குள்ளானோர் தம் ஆசைகளைத் தம் வாய்ப்புக்களின் அளவுக்குச் சுருக்கிக்கொள்வர். ஆகவே அவர்களின் திருப்தியை மட்டுங்கொண்டு அவர்களின் நலத்தை அளத்தல் கூடாது என்று அமர்த்தியா சென் வற்புறுத்தியுள்ளார். 'எங்கள் பிள்ளைகள் கலைப்பாடங்களையே விரும்புகின்றனர்' என்ற புள்ளிவிபரக் கூற்றுக்குப் பின்னால் இத்தகைய சுருங்கிய ஆசைகள் எத்தனை! கலைக்கல்வி தாழ்ந்தது என்பது என் கருத்தன்று. அதுவே இக்கேள்விகளைக் கேட்கும் மொழியை எனக்குத் தந்தது. ஆனால் தெரிவு என்பது குறைந்தது இரண்டு வாயில்கள் உள்ள இடத்திலேயே நிகழும்.

அப்படியாயின் எல்லா வசதிகளும் வரும்வரை ஊக்குவித்தலை ஒத்திவைக்க வேண்டுமா? அதுவும் தவறு. வகுப்பு இல்லையென்று மாணவியர் விரும்புவதில்லை. விரும்பும் மாணவியர் இல்லையென்று வகுப்புத் தொடங்கப்படுவதில்லை. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். வரலாற்றில் அவ்வாறு உடைத்தோர் உளர். தன் நகரின் பல்கலைக்கழகத்திற் பெண்களுக்கு இடமில்லாதபோது மேரி கியூரி வார்சோவில் மறைவாக நடந்த வகுப்புக்களிற் பயின்றார். பதினெட்டு வயதிற் கைக்குழந்தையுடன் விதவையான லலிதா, சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று 1943 இல் இந்தியாவின் முதற் பெண் பொறியியலாளர்களுள் ஒருவராக வெளிவந்தார். நம் நாட்டின் முதற் பெண் பொறியியலாளரான பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண்மணி. எனினும் இவர்களின் வரலாறுகளைக் கூறும்போது ஓர் உண்மையை மறைத்தலாகாது. கியூரியின் பெற்றோர் ஆசிரியர். லலிதாவின் தந்தை அதே கல்லூரிப் பேராசிரியர். பெருந்திறனுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது. லயத்து அறை அத்தகைய வீடன்று. ஆகவே அவ்வீட்டின் பங்கைச் சமூகம் ஏற்க வேண்டும்.

பொய்யான ஊக்கம் 'முயன்றால் முடியாதது இல்லை' என்று கூறி விடைபெறும். மெய்யான ஊக்கம் தடைகளை எண்ணிக் காட்டி, அவற்றுள் எவற்றைப் பிள்ளை தாண்ட வேண்டும், எவற்றை நாம் அகற்ற வேண்டும் என்று பிரித்துக் கூறும்; தன் பங்குக்குரிய சுமையைத் தோளில் ஏற்றபின்னரே பேசும்.

எதற்காக?

எஞ்சியுள்ள வினா ஒன்று. இப்பெண்பிள்ளை எதற்காக விஞ்ஞானம் கற்க வேண்டும்? 'சமூகத்துக்குச் சேவை செய்ய' என்பது வழமையான விடை. படித்தவள் தோட்டத்துக்குத் திரும்பாவிடின் அவள் கல்வி வீண் என்போரும் உளர். இதனை நான் ஏற்கவில்லை. தோட்டத் தொழிலாளர் நாட்டின் முதுகெலும்பு என்று பல தலைமுறைகளாகப் புகழப்பட்டு வந்துள்ளனர். முதுகெலும்பு சுமக்கும், பார்ப்பதும் பேசுவதும் வேறு உறுப்புக்களின் தொழில். பிறரின் பொருளாதாரத்துக்குக் கருவியாகத் தாய் இருந்தாள். நம் இனத்தின் உயர்வுக்குக் கருவியாக மகள் இருக்கட்டும் என்றால், எசமானர் மாறினரேயன்றிக் கருவி மாறவில்லை. மனிதரை எந்நிலையிலும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற நெறி நம் நல்லெண்ணங்களையும் கட்டுப்படுத்த வேண்டும். விண்மீன்களை ஆராய வேண்டும் என்ற ஆசை ஒரு லயத்துச் சிறுமிக்கு எழுமாயின், அதற்கு அவள் எவரிடமும் பயன் காட்டத் தேவையில்லை.

ஆயினும் அறிவு தானே பயனாகப் பெருகுவதுண்டு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றிலும் நிகழ்ந்த மண்சரிவுகளை நாம் மறக்கவில்லை. நிலத்திற் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியன சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர், மழைமானியின் எண்ணைப் பொருளறிந்து வாசிக்கக்கூடிய ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இருத்தல் உயிர்காக்கும் விடயமாகும். சரிவின் அடியில் வாழ்பவர்களுக்கு மண்ணைப் பற்றிய அறிவு மறுக்கப்படுவதை அநீதி என்றல்லாது வேறெவ்வாறு அழைப்பது?

நமது கடன்

பல்கலைக்கழக மாணவராகிய நாம் செய்யக்கூடியவை சிறியன; ஆனால் நிச்சயமானவை. உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு ஒன்று உண்டென்பதும், அதில் பொறியியற் தொழில்நுட்பவியல், உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என இரு வழிகள் உள்ளனவென்பதும் தோட்டத்துப் பெற்றோர் பலரின் செவிகளை எட்டவில்லை. எப்பாடசாலையில் எப்பிரிவு உண்டு, எங்கே விடுதி உண்டு, 1981 இல் தோன்றிய மகாபொல போன்ற புலமைப்பரிசில்கள் எவ்வாறு கிடைக்கும் என்ற தகவலை எளிய தமிழில் லயங்களுக்குக் கொண்டுசெல்லலாம். விஞ்ஞான, பொறியியற் பீட நண்பர்கள் விடுமுறைகளில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதங் கற்பிக்கலாம். அவ்வகுப்பு மாலையில் அமைய வேண்டும் என்பதை, அதிகாலையின் கதையை அறிந்த நாம் மறவோம். ஒரு வட்டாரத்தின் சிறு பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு தமிழ்மொழிமூல விஞ்ஞான வகுப்பும் அதனுடன் பெண்பிள்ளைகளுக்கான விடுதியும் வேண்டுமென அதிகாரிகளிடம் கோருவது மூன்றாவது கடன். கோரிக்கையற்ற ஊக்குவிப்பு, அரைப்பேர் வேலைக்கு முழுப்பேர் கேட்பதை ஒக்கும்.

அன்று அச்சிறுமிக்கு நான் உண்மையையே கூறினேன். "தங்கச்சி, எனக்கு அந்த வாசல் இருக்கவில்லை. உனக்கு இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்றேன். அவள் சற்று யோசித்து, தன் கொப்பியைத் திறந்து, "எங்க போய்க் கேக்கணும்?" என்று கேட்டுப் பேனாவை எடுத்தாள். ஊக்கம் அவளிடம் முன்னரே இருந்தது. இல்லாதிருந்தவை ஒரு முகவரியும், அதுவரை உடன்வரும் ஒருவருமே. வள்ளுவர் கூறிய உடைமை லயங்களில் நிரம்பவே இருக்கிறது. அதற்கு வழி விடுவதே நாம் தீர்க்க வேண்டிய கடன்.